வாம்பயர்: காவல் நின்றவர்களுக்கும் பெயர் இருந்திருக்கலாம்

‘வாம்பயர்’ கேமில் குறைகள் நிறைய உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டையில் சுவை இல்லை. ஒரே சந்துக்குள் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியிருக்கும். ஆட்கள் பேசும்போது குரலில் இருக்கிற உணர்ச்சி முகத்துக்கு வந்து சேராது. இத்தனை இருந்தும் இதை முழுதாக முடித்தேன், முடித்த கையோடு மறுபடி தொடங்கினேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சானும் முடித்தான். கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத மச்சாள் எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. மூன்றையும் எழுதிவிட்டு, எல்லாரும் சொல்லும் குறைகளைவிடப் பெரிதாக எனக்குப் படுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதையைக் கொஞ்சம் உடைப்பேன்; இனித்தான் விளையாடப் போகிறவர்கள் பார்த்து வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பாரிஸில் இருக்கும் டோன்ட்நோட் நிறுவனம் செய்த கேம் இது, ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ செய்த அதே ஆட்கள். 2018 ஜூன் 5ஆம் திகதி வெளிவந்தது. முதல் மாதத்தில் நாலரை லட்சம் பிரதி போனது, அடுத்த ஆண்டு பத்து லட்சத்தைத் தொட்டது. விமர்சகர்கள் நூற்றுக்கு எழுபதை ஒட்டிப் புள்ளி கொடுத்தார்கள். கதை நடப்பது 1918இல், லண்டனில். முதலாம் உலகப்போர் முடிகிற தறுவாய். ஸ்பானிஷ் காய்ச்சல் தெருத்தெருவாகச் சனத்தை வாரிக்கொண்டு போகிறது. போர்முனையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வைத்தியர் ஜொனதன் ரீட் ஒரு பிணக்குழிக்குள் கண் விழிக்கிறார். அவர் இப்போது காட்டேரி. பசி தாங்காமல் முதலில் கடிப்பதே அவரைத் தேடி வந்த சொந்தச் சகோதரியைத்தான். இரத்தம் ஏற்றும் சிகிச்சையில் பேர்போன மனுசன், இனி இரத்தத்தைக் குடித்துத்தான் சீவிக்க வேண்டும். அந்தக் குற்றத்தோடு பெம்புரோக் வைத்தியசாலையில் இரவுக் கடமைக்குச் சேர்கிறார்.

லண்டனின் நாலு பகுதிகள் கேமில் இருக்கின்றன. துறைமுகப் பக்கம், ஏழைகளின் ஒயிட்சேப்பல், பெம்புரோக் வைத்தியசாலை, பணக்காரரின் வெஸ்ட் எண்ட். நாலுக்குள்ளும் அறுபது பேரளவில் மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, தொழில் உண்டு, ஒளித்துவைத்த ஒரு விசயம் உண்டு. பேசப் பேச அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். தலையிடி, தடிமன், இரத்தச்சோகை, நிமோனியா என்று வருத்தம் வந்தால் நீங்கள்தான் மருந்து கலந்து கொடுக்க வேண்டும். ஒருவரைப் பற்றி அறிய அறிய, அவரைச் சுகப்படுத்தச் சுகப்படுத்த, அவருடைய இரத்தத்தின் தரம் ஏறும். குடித்தால் கிடைக்கும் எக்ஸ்பி என்கிற அனுபவப் புள்ளியும் சேர்ந்து ஏறும். தெருச்சண்டையில் வருவது துளித்துளியாகத்தான். நன்றாகப் பழகிய ஒருவரைக் குடித்தால் ஆயிரக்கணக்கில் வரும். அன்பாகப் பேசி, மருந்து கொடுத்து, நீங்களே பார்த்துப் பராமரித்தவர்தான் உங்களுக்கு நல்ல இரை. இந்த ஒரு யோசனைக்காகவே இந்த கேமுக்கு என் மனசில் தனி இடம் உண்டு.

ஒருவரைக் குடித்தால் அவரோடு அது முடிவதில்லை. கேமில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் ஆட்களும் அதில் படமாக வரிசையாக இருப்பார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று கோடு இழுத்திருக்கும். கணவன், மனைவி, கூட்டாளி, கடன் கொடுத்தவர், கள்ள உறவு எல்லாம் அதில் தெரியும். ஒருவர் போய்விட்டால், நீங்கள் படுத்து எழும்பி அடுத்த இரவு வெளியே வரும்போது, அவரோடு தொடுப்பு இருந்தவர்களின் பேச்சு மாறியிருக்கும். ஒருவர் துக்கத்தில் கிடப்பார், இன்னொருவர் சாராயம் குடிக்கத் தொடங்கியிருப்பார். பகுதியின் சுகநிலை இறங்கும். அது ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அந்தப் பகுதியே அழிந்து, மிஞ்சிய ஆட்களும் இல்லாமல் போவார்கள்.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழ்கிற எங்களுக்கு இந்த உறவுப் பக்கத்தை விளக்கத் தேவையில்லை. குடி பார்த்து, தாய்வழி பார்த்து, ‘நீ ஆருட மகன்?’ என்ற கேள்வியில் தொடங்கித்தான் இங்கே பேச்சே ஆரம்பிக்கும். ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் நாலு ஊரில் அடுப்பு எரியாது. நாலு பகுதிகளுக்கும் இடையில் இருக்கிற ஏற்றத்தாழ்வும் எனக்குப் புதிதில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீதியும் கடையும் பெரிய வைத்தியசாலையும் இருக்கின்றன. மேற்கே படுவான்கரையில் வருத்தம் என்றால் பலர் இன்னும் பாதைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்று மண்டூர்ப் பக்கம் போனவர்களுக்கு, ஒயிட்சேப்பலுக்கு ஒரு வைத்தியர் நடந்து போகிறார் என்பதன் பாரம் தெரியும்.

சரி, சண்டைக்கு வருவோம். விளையாடியவர்களில் பலர் அதைத்தான் திட்டுகிறார்கள், திட்டுவதில் நியாயமும் உண்டு. வாளை வீசினால் காற்றில் வீசியது மாதிரி. எதிரியைக் குறிவைத்துப் பூட்டினால் கமெரா சுவரில் போய் முட்டி நிற்கும். எதிரியின் லெவல் கூடிவிட்டால் ரெண்டு அடியில் நாம் விழுந்துவிடுவோம். விரைவுப் பயணம் கிடையாது, அதனால் தீர்த்த சந்திலேயே மறுபடி மறுபடி அதே ஆட்களோடு மோத வேண்டும். வேகமாக ஓடினால் நடுவழியில் படம் உறைந்து லோடிங் வரும்.

மச்சானின் கட்சி இதுதான். ‘இப்படி ஒரு சண்டையை வெச்சுட்டு ஆக்களக் குடிக்காத என்டு சொன்னா எப்பிடி? நான் குடிச்சன், பலம் வந்துச்சு, முடிச்சன்.’ அவன் சொல்வதில் உள்ள தர்க்கத்தை மறுக்க முடியாது. குடிக்காமல் விளையாடினால் கடைசிவரைக்கும் எதிரிகள் உங்களைவிடப் பல லெவல் மேலே நிற்பார்கள். சண்டை கஷ்டமாக இருப்பதே ஆசைகாட்டலின் ஒரு பகுதி. பொஸ் ஒருவரிடம் தோற்றுத் தோற்று வந்து பெம்புரோக்கில் உங்கள் அறைக்கு ஏறும்போது, கட்டிலில் படுத்திருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்து ‘இந்த மனுசன் எப்படியும் சாகத்தானே போகிறான்’ என்று ஒரு நினைப்பு ஓடும். அந்த நினைப்பு வருகிற இடத்தில்தான் கேம் உண்மையாக வேலை செய்கிறது. ஆனால் கஷ்டமான சண்டை என்பது வேறு, மோசமாகச் செய்த சண்டை என்பது வேறு. முதலாவது நாடகத்துக்குத் தேவை. இரண்டாவது வெறும் அலுப்பு. இதில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. செய்தவர்களுக்கும் இது விளங்கியிருக்க வேண்டும், 2018 செப்டெம்பரில் கதை முறை, கடின முறை என்று இரண்டைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

எல்லாரும் திட்டுகிற இன்னொன்று, சேவ். நாமாகச் சேவ் பண்ண முடியாது. ஒரே ஒரு சேவ்தான், கேமே அடிக்கடி தானாகப் பதிந்துகொள்ளும். எடுத்த முடிவைப் பின்னால் போய் மாற்ற வழியில்லை. பிற நாட்டு ஆட்கள் இதை எழுதி எழுதித் தீர்த்தார்கள். நான் விளையாடியது 2022இல். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம். எங்கள் பகுதிக்கு எந்த நேரம் வெட்டு என்று அட்டவணையைப் பார்த்துத்தான் கணினிக்கு முன்னால் உட்கார்வேன். யூபிஎஸ் கத்தத் தொடங்கினால் மூடிவிட்டு எழும்ப ஒரு சில நிமிசம் கிடைக்கும். அப்படி எத்தனையோ தடவை எழும்பியும் பெரிதாக எதையும் இழக்கவில்லை, காரணம் அந்தத் தானியங்கிச் சேவ்தான். முடிவை மாற்ற முடியாது என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. மாற்ற முடியும் என்றால் நர்ஸ் கிரேனின் இடத்தில் அத்தனை நேரம் யோசித்திருக்கவே மாட்டேன்.

டொரதி கிரேன் பெம்புரோக்கில் வேலை செய்கிற தாதி. அவர் இரகசியமாக ஒயிட்சேப்பலில் ஏழைகளுக்கு ஒரு மருந்தகம் நடத்துகிறார். மருந்து வருவது வைத்தியசாலையில் இருந்து, களவாக. பணத்துக்காக ஒரு சீமாட்டியை மிரட்டியும் இருக்கிறார். இதைக் கண்டுபிடித்து நேரில் போய் நிற்கும்போது மூன்று வழி வரும். விட்டுவிடலாம். மனசை மயக்கி எல்லாவற்றையும் மறக்க வைக்கலாம். குடித்துவிடலாம்.

மச்சாள் தாதி உத்தியோகத்தர். வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பாடாகி, துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்ன ஆண்டு அது. அன்றைக்குக் கடமை முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, பிளேன்டீக் கோப்பையோடு என் பக்கத்தில் இருந்தார். அதுவரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த மூன்று வழியும் திரையில் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

‘மருந்தெடுத்தது களவுதான். அதில கதையில்ல. ஆனா அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அவவ விட்டா ஆரு? மறுகா அதுகள் எங்க போறது?’

மறக்கச் செய்வது இரக்கமான வழிதானே என்று கேட்டேன். உயிரும் போகாது, இரகசியமும் வெளியே வராது.

‘ஒரு ஆளுட மனசுக்குள்ள கை வெச்சு எடுக்கிறதா? வேணாம். விட்டுரு.’

விட்டுவிட்டேன். கிரேன் தன் வேலையைத் தொடர்ந்து செய்தார், ஒயிட்சேப்பலும் நின்றது. மச்சான் இதே இடத்தில் மயக்குவதைத்தான் தெரிந்தெடுத்தான். அதுதான் நல்லெண்ணமான வழி என்று அவன் உண்மையாகவே நினைத்தான். கிரேனை இழந்தான், ஒயிட்சேப்பல் சரிந்தது, பின்னால் போகவும் வழியில்லை. ‘என்ன நடக்கும் என்டு ஒரு வரி போட்டிருக்கலாமே!’ என்று குரல் பதிவில் கத்தினான். இந்தக் குற்றச்சாட்டைப் பலர் வைக்கிறார்கள்: தெரிவுக்கும் விளைவுக்கும் இடையில் உள்ள தொடர்பைக் கேம் மறைக்கிறது என்று. மச்சாள் கேமே விளையாடாதவர். தொழிலில் இருந்து வந்த ஒரு அறிவால் மயக்கம் என்ற சொல்லுக்குள் இருந்த ஆபத்தை அவர் கண்டார். அதனால் இந்த இடத்தில் நான் கேமின் பக்கம். வேறு சில இடங்களில் மச்சானின் பக்கம், குறிப்பாகப் பேச்சில் ஒரு பிழையான பதிலைச் சொன்னால் அந்த ஆளின் இரகசியம் ஒரேயடியாகப் பூட்டப்படுவது அநியாயம். மனிதரோடு பழகுவது அப்படி ஒரு பதிலில் முறிகிற காரியமில்லை.

இனி நான் சொல்ல வந்த குறை.

தெருவில் நாம் மோதுகிற எதிரிகளில் பெரும்பகுதி ‘கார்ட் ஒஃப் பிரிவென்’ என்ற காட்டேரி வேட்டைக்காரர். கையில் தீப்பந்தம், சிலுவை, துவக்கு. ஊருக்குள் இரத்தம் குடிக்கிற ஒன்று திரிகிறது என்று அறிந்து இரவில் காவல் நிற்கிற ஆட்கள். தலைவன் மக்கல்லமுக்குப் பெயரும் கதையும் உண்டு. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. தலைக்கு மேல் லெவல் இலக்கம் மட்டும்தான். அவர்களில் எத்தனை நூறு பேரைக் கொன்றாலும் எந்தப் பகுதியின் சுகநிலையும் இறங்காது, எந்த வீட்டிலும் யாரும் அழமாட்டார்கள், அடுத்த இரவு அதே இடத்தில் வேறு இரண்டு பேர் நிற்பார்கள். பெயருள்ள அறுபது பேரில் ஒருவரையும் குடிக்காமல் முடித்தால் மிக நல்ல முடிவும் அதற்கென்று ஒரு பதக்கமும் கிடைக்கும். வழிநெடுகப் பிணம் விழுத்திவிட்டு வந்தவனுக்கும் அந்தப் பதக்கம் கிடைக்கும்.

2011 ஆகஸ்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிறீஸ் பூதம் என்று பேர். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று கிழக்கு மாகாணம் முழுக்கப் பயம் பரவியது. பொழுதுபட்டால் கதவைப் பூட்டினோம். பெண்கள் வளவுக்குள் போவதற்கும் கூட்டமாகத்தான் போனார்கள். துரத்திப் போன சனத்துக்கும் படையினருக்கும் பொலிசாருக்கும் இடையில் பல ஊர்களில் முறுகல் வந்தது. எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற மதகில் இரவெல்லாம் பொடியன்கள் காவல் இருந்தார்கள். கையில் பொல்லு, ஒரு டோர்ச். தட்டி ஒலி எழுப்ப ஒரு வெறும் மண்ணெண்ணெய் டின். ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன், மடியில் கொப்பி. இன்னொருவர் விடியப் புறம் வலை வளைக்க வாவிக்குப் போக வேண்டியவர். எதைப் பார்த்துக் காவல் நிற்கிறோம் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. ஊர் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக நின்றார்கள்.

பிரிவென் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதகுதான் ஞாபகம். சந்தின் மூலையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நிற்பது காதில் விழும். கிட்டப் போனதும் பாய்வார்கள். வெட்ட வேண்டும். இந்தக் குறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘எல்லா கேமிலும் இப்படித்தானே’ என்று முடித்துவிடுகிறார்கள். எல்லா கேமிலும் இப்படித்தான், உண்மை. ஆனால் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு உறவு வலை இருக்கிறது, ஒன்றை அறுத்தால் நாலு பேர் விழுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தது இந்த கேம்தானே? அப்படிச் சொல்லித்தந்த கேமே தெருவுக்கு இறங்கியதும் அதை மறந்துவிட்டால் எப்படி விடுவது? காவல்காரருக்கும் ஒயிட்சேப்பலில் ஒரு தாய் இருந்திருக்கலாம். மருந்து கொடுக்கப் போன வீட்டில் ‘மகன் நேற்றிரவு காவலுக்குப் போனவன், வரவில்லை’ என்று ஒரு கிழவி சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரி போதும், அடுத்த சந்தில் என் கை தயங்கியிருக்கும். வலை கேமிலேயே இருக்கிறது, கோடும் இழுத்திருக்கிறது. இன்னும் சில கோடு இழுக்கவில்லை.

இரண்டாவது தடவை விளையாடும்போது முடிந்தவரை அவர்களை விலக்கித்தான் போனேன். நிழலால் உடம்பை மூடிக்கொள்ளும் ஒரு சக்தி இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம். எல்லா இடத்திலும் முடியாது, சில சண்டைகளைக் கேம் கட்டாயப்படுத்தும். இருந்தாலும் அப்படி விளையாடினால் ரீட் என்கிற மனிதர் கதைக்குப் பொருந்தி வருகிறார். செலோவின் அழுகையோடு இருட்டுத் தெருவில் தனியே ஓடுகிற ஒரு வைத்தியர். ஒலிவியே டெறிவியேர் கேமுக்கு அமைத்த அந்த இசை தனியாக ஒரு பதிவுக்கு உரியது.

பேச்சு அருமை, சண்டை அலுப்பு என்பது காட்டேரி ஆர்பிஜிகளுக்கு (பாத்திரமேற்று விளையாடும் கேம்களுக்கு) பழைய சாபம் போல. 2004 நவம்பர் 16ஆம் திகதி ‘வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ வந்தது, ‘ஹாஃப்-லைஃப் 2’ வந்த அதே நாளில். அந்த ஆண்டு மார்கழியில் சுனாமியால் எங்கள் நாவலடிக்கும் கல்லடிக்கும் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால் நம் பக்கத்தில் அந்த கேமைக் கேள்விப்பட்டவர்களே பிந்தித்தான் கேள்விப்பட்டோம். பிழைகளோடு அவசரமாக வெளியான கேம், செய்த ட்ரொய்கா நிறுவனம் 2005 பெப்ரவரியில் மூடப்பட்டது. வேர்னர் ஸ்பால் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்து பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தார். இன்றைக்கு அதை விளையாடுகிற பலர் அவருடைய திருத்தத்தோடுதான் விளையாடுகிறார்கள். அங்கேயும் தீர்ப்பு ஒன்றுதான். முதல் பாதி, ஆட்களோடு பேசுகிற பாதி, அருமை. பிற்பாதி, ஹொலிவூட் சாக்கடைக்குள் இறங்கிய பிறகு சண்டைமயம், சலிப்பு. அந்த கேமில் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கும் ஓஷன் ஹவுஸ் ஹோட்டலில் அடிக்க ஒரு எதிரிகூட இல்லை. 2025 ஒக்டோபரில் வேறு நிறுவனம் செய்து வெளிவந்த இரண்டாம் பாகத்தைப் பற்றியும் பழைய ரசிகர்களின் பெரிய மனக்குறை அதன் ஆர்பிஜித்தன்மை மெலிந்துவிட்டது என்பதுதான். காட்டேரி கேமுக்கு நாம் போவது மனிதரைப் பார்க்க.

வாங்க நினைப்பவர்களுக்கு: தள்ளுபடிக்குக் காத்திருங்கள், அடிக்கடி வரும். தரவிறக்கத்தை இரவு டேட்டாவுக்கு விடுங்கள். சண்டை பிடிக்காது என்றால் கூச்சப்படாமல் கதை முறையைத் தெரிந்தெடுங்கள், கதை ஒன்றும் குறையாது. பெம்புரோக்கில் சேர்ந்த முதல் இரவில் வெளியே ஓடாமல் எல்லாக் கட்டிலுக்கும் போய்ப் பேசுங்கள். பிரிவென் ஆட்களை முடிந்தால் விட்டுவிட்டுப் போங்கள்.

விளையாடி முடித்தவர்கள் நர்ஸ் கிரேனை என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மச்சாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.